கென்யா போறதுக்கு முன்னாடி... பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கும் ‘நாட்டை’ உங்களுக்குத் தெரியுமா?

நண்பர் ஒருவர் மசாய் மாராவிலிருந்து ரீல்ஸ் போடுகிறார். திறந்த ஜீப், கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, பத்தடி தூரத்தில் சிங்கம். கோவையில் ஐ.டி. வேலை பார்க்கும் நாமும் ‘வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் போயிடணும்’னு கமென்ட் போடுகிறோம். சனிக்கிழமை பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்கு வருகிறோம். துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனால் தெற்கே நீல நிறத்தில் ஒரு மலை நிற்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பதால், அதை நாம் சரியாகப் பார்த்ததே இல்லை.

புதிதாக ஒரு நாட்டுக்குப் போகும் முன் என்னவெல்லாம் தேடுவோம்? எவ்வளவு பெரியது, என்ன தட்பவெப்பம், என்ன விலங்குகள், யார் வாழ்கிறார்கள், வரலாறு என்ன? இதே கேள்விகளை ஆனைமலையிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். மாநிலம், சரணாலயம், எஸ்டேட், பட்டா நிலம் என்று மேப்பில் நாம் போட்டிருக்கும் கோடுகள் ஒன்று. காற்றும் தண்ணீரும் யானையும் போகும் வழி வேறொன்று. இந்த இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் பொள்ளாச்சியின் இளநீரும் வாய்க்கால் தண்ணீரும் இருக்கின்றன.

எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கி.மீ. நீளம். அதில் பெரிய இடைவெளி என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான்: பாலக்காட்டுக் கணவாய். கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இந்த மலைத்தொகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் வருகிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். பொள்ளாச்சி, வால்பாறை, உடுமலை வரை கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விரிந்திருக்கிறது. 1976-ல் வனவிலங்கு சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகம். மையப் பகுதி சுமார் 958 சதுர கி.மீ., வெளிவட்டம் சுமார் 521 சதுர கி.மீ., மொத்தம் ஏறக்குறைய 1,480 சதுர கி.மீ. தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,000 சதுர கி.மீ.க்கும் மேல். அதாவது நம்முடையது அதில் பத்தில் ஒரு பங்கு.

சின்னதாகத் தெரிகிறதா? அந்தச் சின்ன இடத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். உடுமலை, அமராவதி பக்கம் மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மி.மீ. அளவுக்கே மழை பெய்யும் இடங்கள் உண்டு, முள்ளுக்காடுதான் வளரும். வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு பக்கம் போனால் மழை அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் அதற்கு ‘தென்னிந்தியாவின் சிரபுஞ்சி’ என்று பெயர். முள்ளுக்காடு, இலையுதிர் காடு, மூங்கில், பசுமைமாறாக் காடு, உச்சியில் சோலையும் புல்மேடும் என எல்லாமே ஒரே நாள் பயணத்துக்குள் வந்துவிடும்.

இங்குள்ள புல்மேடு, கரியன்சோலை ஆகிய தேசியப் பூங்காப் பகுதிகள், 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலை இடங்களில் அடக்கம்.

ஆப்பிரிக்காவோடு ஒட்டியிருந்த காலம்

கென்யாவோடு ஒப்பிடுவது சும்மா விளையாட்டுக்கு இல்லை. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் துண்டுகள். முதலில் ஆப்பிரிக்காவிடமிருந்து மடகாஸ்கரும் இந்தியாவும் சேர்ந்தே விலகின. பிறகு சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டு இந்தியா தனியாகப் புறப்பட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஓடும் பழமையான பாறைப் பிளவுப் பகுதியை, மடகாஸ்கரில் இருக்கும் அதே மாதிரியான பிளவோடு புவியியலாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள்.

உயிரோடு இருக்கும் சாட்சியும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஊதா நிறத் தவளை ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுக்க மண்ணுக்குள்ளேயே வாழும். பருவமழையின் தொடக்கத்தில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும். 2003-ல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, இதற்கு மிக நெருங்கிய உறவு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். பக்கத்துக் காட்டில் இல்லை, இந்தியாவிலேயே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கடலில் கிடக்கும் செஷல்ஸ் தீவுகளில் இருக்கும் குட்டித் தவளைகள்தான் அதன் சொந்தம். தவளை கடலைத் தாண்டிப் போகவில்லை. நிலம்தான் பிரிந்து போனது.

காத்து வரும் வழி, காசு வந்த வழி

பொள்ளாச்சிக்காரர்களுக்கு ‘காத்து’ என்றால் தனி அர்த்தம் உண்டு. ஆனி, ஆடியில் தென்னை மட்டைகள் ஒரே பக்கமாய்ச் சாயும். அந்தக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மற்ற இடங்களில் மலை தடுத்துவிடும். இங்கே 30, 40 கி.மீ. அகலத்துக்குக் கதவு திறந்து கிடக்கிறது. அதனால் ஈரமும் குளிர்ச்சியும் இந்தப் பக்கம் வந்து சேர்கின்றன. கொங்கின் மற்ற பகுதிகளைவிடப் பொள்ளாச்சி பச்சையாக இருக்க இது ஒரு காரணம்.

அதே கதவு வழியாக வியாபாரமும் நடந்தது. 1800-ல் பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்துக் காசுகள். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரிலும், கரூரிலும் இதே மாதிரி கிடைத்திருக்கின்றன. மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய காசு, கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்திருக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடல் வழிகாட்டி’ என்ற கிரேக்க நூலில், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் துறைமுகங்களும் முசிறியும் ஒரே புத்தகத்தில் பேசப்படுகின்றன. அந்தக் கால மாலுமிக்கு இரண்டும் ஒரே கடலின் இரண்டு கரைகள்.

திறந்த கதவு நல்லதை மட்டும் உள்ளே விடாது. கேரளத் தென்னையைப் பல ஆண்டுகளாக வாட்டிய வேர்வாடல் நோய், இப்போது ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளிலும் பரவியிருக்கிறது.

விலங்குகள்: ஏன் செரெங்கெட்டி மாதிரி ‘காட்சி’ கிடைப்பதில்லை?

டாப்ஸ்லிப் போய் வந்த பலரும் சொல்வது: “ரெண்டு மானும் ஒரு காட்டுமாடும்தானுங்க பாத்தோம்.” காரணம் எளிது. செரெங்கெட்டி திறந்த புல்வெளி. ஒரு கி.மீ. தள்ளி நிற்கும் விலங்கும் கண்ணில் படும். ஆனைமலையில் பெரும்பகுதி அடர்ந்த காடு. இருபதடி தள்ளி புலி படுத்திருந்தாலும் தெரியாது. விலங்குகள் இல்லை என்று அர்த்தமில்லை. காடு அவற்றை மறைத்துக்கொள்கிறது.

இங்கே யானை, புலி, சிறுத்தை, செந்நாய், கரடி, காட்டுமாடு எல்லாம் உண்டு. அமராவதி அணையில் முதலைகள் உண்டு. ஆனால் ஆனைமலையின் உண்மையான பெருமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர்கள் இங்கே இருக்கின்றன.

வரையாடு: தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வால்பாறைக்கு மேலே இருக்கும் புல்மேடு இவற்றின் முக்கியமான வாழிடங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031-ஆக இருந்தது, 2025-ல் 1,303 என்று பதிவானது. செங்குத்தான பாறையில் சர்வசாதாரணமாக நடக்கும். ஆழியாறு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்திலேயே சில நேரம் நிற்கும்.

சோலைமந்தி: சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மரத்தை விட்டு இறங்காமலேயே வாழ்ந்து பழகியது. காட்டைத் துண்டு துண்டாக வெட்டி நடுவில் ரோடு போட்டதும் அதன் வழி அறுந்துபோனது. வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் ரோட்டுக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்த் துணியால் கட்டிய தொங்குபாலங்கள் இருக்கும். அண்ணாந்து பாருங்கள், அது இவர்களுக்காகத்தான்.

இருவாட்சி: இது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியேயும் உண்டு. ஆனால் பெரிய மரம் இல்லாமல் வாழ முடியாது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்ன ஓட்டை வழியாக ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். முதிர்ந்த மரத்தை வெட்டினால் அந்தக் குடும்பத்துக்கே வீடு போச்சு. பழ விதைகளைக் காடெங்கும் பரப்புவதும் இந்தப் பறவைதான் என்பதால், நஷ்டம் காட்டுக்கும்தான்.

இங்கே முதலில் இருந்தவர்கள் யார்?

காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என ஆறு பழங்குடி மக்கள் ஆனைமலைக் காப்பகத்தில் வாழ்கிறார்கள். தேன் எடுப்பதிலும் மூங்கில் வேலையிலும் காடர் பெயர்பெற்றவர்கள். டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமில் தலைமுறை தலைமுறையாக யானைகளைப் பழக்கி வருபவர்களில் மலசர் முக்கியமானவர்கள். ஊருக்குள் யானை வந்துவிட்டால் கும்கியோடு வந்து நிற்பது இவர்கள்தான்.

காடு ‘சரணாலயம்’ ஆனபோது ஒரு கேள்வி எழுந்தது. விலங்குகளுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் மனிதர் இருக்கலாமா? கிழக்கு ஆப்பிரிக்காவும் இதே கேள்வியைச் சந்தித்தது. செரெங்கெட்டியில் மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் 1959-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பக்கத்திலிருக்கும் கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை.

இந்தியாவில் 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் வேறு திசையில் போனது. காட்டில் காலங்காலமாக வாழ்பவர்களுக்கு நிலத்தின் மீதும் வனப்பொருள் மீதும் உரிமை உண்டு என்றது. சட்டம் வந்துவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடுமா? 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறைப் பகுதியில் கல்லாறு காடர் குடியிருப்பில் மண் சரிந்தது. பாதுகாப்பான தெப்பக்குளமேட்டில் குடியேற அவர்கள் கேட்டார்கள். அதற்காக நீண்ட காலம் போராடி, 2021-ல்தான் அங்கே நில உரிமை கிடைத்தது. அரசு இயந்திரம் வருவதற்கு முன்பே அந்தக் காட்டில் இருந்தவர்கள், அதே காட்டுக்குள் சற்றுத் தள்ளி வீடு கட்ட இரண்டு ஆண்டு போராட வேண்டியிருந்தது.

தேக்கு: டாப்ஸ்லிப் என்ற பெயர் எப்படி வந்தது?

பேரிலேயே கதை இருக்கிறது. மலை உச்சியிலிருந்து வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் ‘ஸ்லிப்’ ஆக விடுவார்கள். அவை சேத்துமடைப் பக்கம் அடிவாரத்துக்கு வந்து சேரும். மரத்தை உருட்டிவிடும் உச்சி என்பதால் டாப்ஸ்லிப்.

பம்பாய் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு தேவைப்பட்டது. 1848-ல் லெப்டினன்ட் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி ஆனைமலைக் காட்டுக்குப் பொறுப்பாக வந்தார். பிறகு ரயில்வேக்கும் மரம் தேவைப்பட்டது. மலையின் மறுபக்கம் கொச்சி சமஸ்தானமும் சும்மா இருக்கவில்லை. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கி.மீ. தூரத்துக்கு மரம் இறக்கவே ஒரு டிராம் பாதை போட்டார்கள். 1907 முதல் பல ஆண்டுகள் அது ஓடியது. அந்தக் கோடரிகளுக்குத் தப்பிய ஒரு தேக்கு பரம்பிக்குளத்தில் இன்றும் நிற்கிறது. கன்னிமாரா தேக்கு என்று பெயர். 48 மீட்டர் உயரம், வயது 450-க்கு மேல் என்கிறார்கள்.

இந்த வெட்டுக்கு நடுவில்தான் ஹியூகோ வுட் வருகிறார். 1910-களின் நடுவில் இங்கே வந்த ஆங்கிலேய வன அதிகாரி. மரத்தை வேரோடு அழிக்காமல், அடிமரத்தை விட்டு வெட்டினால் திரும்பத் தளிர்க்கும் என்று முறையை மாற்றினார். காலியான இடங்களில் தேக்கு நட்டார். பாக்கெட் நிறைய விதையோடு நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் குத்தி ஒரு விதை போடுவாராம். டாப்ஸ்லிப்பில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். 1933-ல் இறந்தார். அவர் சமாதி டாப்ஸ்லிப்பில்தான் இருக்கிறது. என் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் வாசகம் அதில் இருக்கிறது.

வுட்டைக் கொண்டாடலாம். கூடவே ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அவர் நட்டது தேக்குத் தோட்டம். இழந்தது பல நூறு வகை மரங்கள் கொண்ட காடு. மரம் திரும்பி வந்தது, காடு முழுதாகத் திரும்பவில்லை.

தேயிலை: வால்பாறையின் பச்சை யாருடையது?

வால்பாறை போட்டோவில் தெரியும் பச்சையும் காடு இல்லை. அங்கே இருந்த மழைக்காட்டை வெட்டித்தான் 19-ம் நூற்றாண்டில் காப்பியும், 1890-களிலிருந்து தேயிலையும் வந்தன. அந்த முதல் தோட்டக்காரர்களில் ஒருவரான கார்வர் மார்ஷுக்கு, மலைப்பாதையில் கவர்க்கல் பக்கம் சிலை இருக்கிறது.

கங்காணிகள் சமவெளியில் பஞ்சத்தில் அடிபட்ட கிராமங்களுக்குப் போய், முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வந்தார்கள். மலேரியா, அட்டை, கடன், திரும்பிப் போக முடியாத நிலைமை. அவர்களுக்குச் சிலை இல்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல், அந்த வாழ்க்கையை 1969-ல் ‘ரெட் டீ’ என்ற நாவலாக எழுதினார். இரா.முருகவேள் அதைத் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று கொண்டுவந்தார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்குத் தூண்டுதல் அந்த நாவல்தான்.

இன்று அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்ட லயன் வீடுகளில் இப்போது அசாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன.

தண்ணீர்: நம்ம வாய்க்காலின் தொடக்கம் எங்கே?

ஆனைமலையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேற்கே ஓடிக் கேரளம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிழக்கே கொங்குச் சமவெளி காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரை மலைக்குள்ளேயே திருப்பினால் என்ன? இந்த யோசனைதான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம், நம்ம பேச்சில் பி.ஏ.பி. இதற்காக உழைத்தவர்களில் வி.கே.பழனிசாமி கவுண்டர், சி.சுப்பிரமணியம், நா.மகாலிங்கம் ஆகியோரின் பெயர்களைப் பொள்ளாச்சி மறக்காது.

வழியைச் சுருக்கமாகச் சொன்னால்: நீராற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு வரும். அங்கிருந்து பரம்பிக்குளம். மறுபடி சுரங்கம் வழியாகத் தூணக்கடவு. பிறகு சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, ஒரு பங்கு ஆழியாறு அணைக்கும், ஒரு பங்கு மலையடிவாரத்தை ஒட்டியே ஓடும் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கும் போகும். அங்கிருந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 3.77 லட்சம் ஏக்கருக்கு நான்கு மண்டலங்களாகப் பிரித்துப் பாசனம். ஒரு மண்டலத்துக்கு முறை வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும்.

இங்கேதான் கோடுகள் சிக்கலாகின்றன. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் இருப்பது கேரள மண்ணில். இயக்குவது தமிழ்நாடு. அந்தக் கேரளக் கிராமங்களுக்குக் கேரளத்துக்காரர்கள் காரில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக முடியும். இரு மாநில ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, 1958-லிருந்து கணக்கில் கொள்ளப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் சோலையாற்றில் 12.3 டி.எம்.சி., மணக்கடவில் 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும். 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 1988-ல் வந்திருக்க வேண்டிய மறுஆய்வு இன்னும் பேச்சுவார்த்தையாகவே நீள்கிறது. ஆனைமலையாறு - நல்லாறு திட்டத்தை நிறைவேற்றச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

2022 செப்டம்பரில் ஒரு நள்ளிரவில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று பெயர்ந்து போனது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. அந்தப் பக்கத்துக்கு வெள்ள எச்சரிக்கை; இந்தப் பக்கத்துக்குப் பாசனத் தண்ணீர் நஷ்டம். ஒரே ஷட்டர், இரண்டு மாநிலத்துக்கும் தூக்கம் போச்சு.

யானைக்குக் கோடு தெரியுமா?

2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பயிர்களை மேய்ந்த சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து, ஆனைமலைக் காப்பகத்தின் வரகளியாறு பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளில் அது காட்டை விட்டு இறங்கியது. பொள்ளாச்சியைத் தாண்டி உடுமலை வரை நூறு கி.மீ.க்கு மேல் நடந்து, கரும்புக் காட்டில் போய் நின்றது. யாரையும் தாக்கவில்லை, பழைய வீட்டைத் தேடிப் போனது என்றுதான் பலரும் பேசிக்கொண்டோம். கடைசியில் பிப்ரவரியில் பிடித்துக் கும்கி ஆக்கினார்கள். 2023-ல் தருமபுரியில் பிடித்து இங்கே விட்ட மக்னா யானையும் இதையே செய்தது. அது கோவை நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

பாடம் ஒன்றுதான். யானையை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தால் பிரச்சினை தீராது, இடம் மாறும்.

வேறு வழி இருக்கிறதா? வால்பாறை ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 220 சதுர கி.மீ. பீடபூமி, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 70,000 மக்கள், நாலா பக்கமும் காடு. தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் சோலைத் துண்டுகளிலும் ஆற்றோரங்களிலும்தான் யானைக் கூட்டங்கள் நடந்து போகும். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் எம்.ஆனந்தகுமார் குழுவினர் ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. உயிரிழப்புகளில் பெரும்பாலானவை, இருட்டில் யானை நிற்பது தெரியாமல் நேருக்கு நேர் போய் நின்றதால் வந்தவை. அப்படியென்றால் யானை எங்கே இருக்கிறது என்ற தகவல்தான் மருந்து. சாயங்காலம் உள்ளூர் கேபிள் டி.வி.யில் செய்தி ஓடியது. செல்போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. யானை ஒரு கி.மீ.க்குள் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகள் முக்கிய இடங்களில் வந்தன. வனத்துறையும் எஸ்டேட்களும் மக்களும் சேர்ந்து செய்ததில் உயிரிழப்பு குறைந்தது. இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் சர்வதேச விட்லி விருது கிடைத்தது.

ஆனால் கதை சுபமாக முடிந்துவிடவில்லை. 2025-ல் வால்பாறையில் சிறுத்தை தாக்கி, வடமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் உயிரிழந்தார்கள். லயன் வீட்டுக்கு ஒட்டியே தேயிலைப் புதர். வெளியே போதிய வெளிச்சம் இல்லை. காட்டு ஓரத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தாத்தா பாட்டியும் இல்லை. இந்த மலையில் வாழும் அறிவு ஒரு தலைமுறையோடு இறங்கிப் போய்விட்டால், அதைப் புதிதாக வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் யார் சொல்வது? விளக்கும் கழிப்பறையும் எஸ்எம்எஸ்ஸும் அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் போய்ப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி சுமார் 65 கி.மீ. வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் தேவை.

போனால் சில விஷயங்கள்: யானையோ காட்டுமாடோ ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்க வேண்டாம், இறங்கி செல்ஃபி எடுக்க வேண்டாம். குரங்குக்கு பிஸ்கட் போட்டால் அது ரோட்டுக்கு வரப் பழகும், அடுத்த வண்டியில் அடிபடும். பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். புலி வரவில்லையென்று சலிக்காமல் வழிகாட்டியாக வரும் பழங்குடி அண்ணனிடம் ஒரு மரத்தின் பெயரைக் கேளுங்கள். ரீல்ஸில் கிடைக்காத விஷயம் கிடைக்கும்.

அதைவிட முக்கியம், திரும்பி வந்த பிறகு செய்திகளைப் படிக்கும் விதம். ‘ஊருக்குள் யானை அட்டகாசம்’, ‘பி.ஏ.பி. தண்ணீர் திறக்கக் கோரிக்கை’, ‘பழங்குடியினர் பட்டா கேட்டு மனு’, ‘தென்னையில் நோய்’ என நான்கு செய்திகள் நான்கு பக்கத்தில் வரும். நான்குமே ஒரே மலையைப் பற்றிய செய்திகள். மேலே சோலையும் புல்மேடும் பஞ்சு மாதிரி மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் வருகிறது. அந்தக் காடு சுருங்கினால் யானை கீழே வரும், தண்ணீர் கீழே வராது.

கென்யாவுக்கு விசா எடுத்துத் தாராளமாகப் போய் வாங்க, நல்ல ஊர்தான். ஆனால் அந்த ஊர்ச் சிங்கத்துக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் சம்பந்தம் கிடையாது. மொட்டைமாடியிலிருந்து தெரியும் இந்த மலைக்கு இருக்கிறது.